மூன்று கிலோ இருநூறு

கணக்குப்படி நாயின் எடை மூன்று கிலோ இருநூறு கிராம். அவளுடைய கை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறு வருடமாகச் சின்ன நாய்களையே தூக்கிப் பழகிய கை அது. தெருவில் அவளை நாய்க்கார அக்கா என்றுதான் சொல்வார்கள். வீட்டு முன்னறையை அதற்கென்றே ஒதுக்கி, இடுப்புயர மேஜையில் ரப்பர் விரிப்புப் போட்டு, மூலையில் ஒரு தொட்டி வைத்து, முடி வெட்டுவது, நகம் நறுக்குவது, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைத் தங்க வைத்துச் சோறு போடுவது என்று நடத்திவந்தாள். ஏழு கிலோவுக்கு மேற்பட்ட நாயை வாங்கிக்கொள்வதில்லை. காய்கறிக்காரர் கத்திரிக்காயை அள்ளும்போதே முக்கால் கிலோ என்று சொல்லிவிடுவதைப்போல, வாசலில் ஒரு நாயைக் கைமாற்றி வாங்கும்போதே இரண்டரை, நாலேகால் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தவறியதில்லை.

இந்த நாய் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பதினோரு வயது ஆண் நாய்; குட்டியிலேயே விதை எடுத்தது. உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கிற ஒன்றுக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். குரைக்காது, முனகாது, வாலைக்கூட அளந்துதான் ஆட்டும். வந்த அன்று மூன்று இருநூறு. இரண்டாம் நாள் மூன்று இருநூறு. மூன்றாம் நாளும் அதேதான். இன்று தூக்கும்போது முழங்கைக்கு உள்பக்கம் ஒரு நரம்பு இழுத்தது. கீழே இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள். எண்கள் மின்னி நின்றன. அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

சின்ன நாய்களை நிறுப்பதற்கென்று அவளிடம் ஒரு தட்டுத் தராசு இருந்தது. வழவழப்பான தட்டில் கால் வழுக்கினால் இவற்றுக்கு முழங்கால் சில்லு விலகிவிடும் என்பதால் அதைப் பரணில் போட்டுவிட்டாள். நாயை மார்போடு அணைத்துக்கொண்டு மனிதர்கள் ஏறும் தராசில் நிற்பது. வருகிற எண்ணிலிருந்து தன் எடையைக் கழிப்பது. இந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் தனியாக ஏறித் தங்கள் எடையையும் பார்த்துக்கொள்வார்கள். அவள் பார்ப்பதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்ன ஐம்பத்தெட்டைத்தான் கழித்துவந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு இது ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை, ஒன்று பத்தாவது வாரத்திலும் ஒன்று பதினாறாவது வாரத்திலும், தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை தினமும் காலையில் தராசில் ஏறி, நூறு கிராம் கூடினால் சிரித்து, ஐம்பது குறைந்தால் அழுது, கடைசியில் ஒரு காலை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வழியே சூடாக இறங்கியது. அதோடு வீட்டில் தனியாகத் தராசில் ஏறுவதை விட்டுவிட்டாள். இந்தத் தடவை குழந்தை அசைய ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்ததும் வயிற்றுக்குள் மீன் திரும்புவதுபோல் ஒரு புரளல். அது போதும். எண் எதற்கு?

அச்சகத்தில் வேலை பார்க்கிற கணவன் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்."

அவன் ஒரு கையில் தூக்கினான். "நாய் மாதிரிதான் இருக்கு."

"கனமா இல்லையா?"

"வேளாவேளைக்குக் கோழியும் பூசணியும் அவிச்சுப் போடறே. எனக்குப் போட்டா நானும்தான் கனப்பேன். கனமானது எதையும் தூக்காதேன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?"

"மூணு கிலோ என்னங்க கனம்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று நாயை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

நாயைக் கொண்டுவந்து விட்டவர் பெரிய தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். கம்பியில் மாட்டிய சட்டை நடந்து வருவதுபோல் இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பத்து நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"அண்ணிக்கு என்னங்க?"

"இளைச்சுக்கிட்டே போறா. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லேங்கறாங்க." கூடையை உள்ளே கொண்டுவரவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றுகொண்டார். "மடியில மட்டும் ஏத்தாதீங்கம்மா."

"ஏன், கடிக்குமா?"

"கடிக்காது. பழகிட்டா எறங்காது."

அவள் சிரித்துவிட்டாள். நாய் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இப்படி ஒன்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தூக்கத்தில் ரேடியோ வேண்டும், நீலத் தட்டில்தான் சாப்பிடும், மடியில் ஏற்றாதீர்கள். அன்று மத்தியானமே மடியில் ஏற்றிக்கொண்டாள். சின்ன நாய்க்குக் காது துடைப்பதை மேஜையில் செய்யமுடியாது. தலையை உதறும், பஞ்சு ஆழத்தில் போய்விடும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாயின் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, தாடையை உள்ளங்கையில் தாங்கி, மருந்தில் நனைத்த பஞ்சால் உள்மடிப்பைத் துடைக்கவேண்டும். பிறகு அதே இருப்பில் கண்ணோரப் பழுப்பை ஈரத்துணியால் எடுப்பது, விரலில் துணி சுற்றிப் பல் தேய்ப்பது. தினமும் இருபது நிமிடம். கடுகு மற்ற நாய்களைப்போல் திமிறவில்லை. முதுகைக் கொடுத்துக்கொண்டு, சூடாக, அசையாமல் இருந்தது. முடிந்த பிறகும் இறங்கவில்லை. வயிற்றின் மேட்டில் மோவாயை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் சாப்பாட்டை நிறுத்தியது.

சின்ன உடம்புகளில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுப்பாள். எலும்பில்லாத கோழி, குழைந்த சோறு, பூசணி, உப்பில்லாமல். வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூட அந்தப் பாத்திரத்துக்கு அருகில் விடமாட்டாள். நாய் தட்டை மோந்து பார்த்தது. அவளை ஏறிட்டுப் பார்த்தது. தட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் காலடியில் நின்றது. ஊட்டிப் பார்த்தாள், உதட்டை மூடிக்கொண்டது. மத்தியானமும் அதேதான். சாயங்காலமும். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்தது. பிடரித் தோலைக் கிள்ளி விட்டாள், சட்டென்று படிந்தது. தண்ணீர் குறைந்த உடம்பு இல்லை. பட்டினி கிடக்கிற உடம்பும் இல்லை. தராசில் ஏறினாள். அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத நாய் நூறு கிராமாவது இறங்கவேண்டும். தின்ற நாய் நூறு கிராமாவது ஏறவேண்டும். எந்த நாயும் ஐந்து நாள் ஒரே எண்ணில் நிற்காது. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். பேட்டரியை மாற்றினாள். பிறகு அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தாள். பத்து கிலோ மூட்டை பத்து கிலோவாகவே இருந்தது.

ஆறாம் நாள் குளிப்பாட்டினாள். வெளியே காலையிலிருந்து தூறல். முன்னறைக்குள் மங்கின வெளிச்சம், ஈரச் சுவரின் வாசம், தொட்டியில் விழுகிற தண்ணீரின் ஒரே மாதிரியான சத்தம். எந்தச் சடை நாயும் தண்ணீர் பட்டதும் பாதியாகிவிடும். பெரிய மனிதரைப்போல் உள்ளே வந்தது, நனைந்ததும் எலிக்குஞ்சாகி நிற்பதைப் பார்த்து ஆறு வருடமாகியும் அவளுக்குச் சிரிப்பு வரும். கடுகு நனைந்தது. முடி உடம்போடு ஒட்டியது. ஆனால் பாதியாகவில்லை. முடிக்கு அடியிலும் அதே உருவம்தான் இருந்தது, இறுக்கமாக, வழவழவென்று, உள்ளிருந்து யாரோ ஊதி வைத்ததுபோல். விலாவைத் தடவினாள். சரியான எடையில் இருக்கிற நாய்க்கு விலா எலும்பு புறங்கையைத் தடவுவதுபோல் விரலில் தட்டுப்படவேண்டும். தட்டுப்படவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். விரல் அமிழ்ந்தது, எதிலும் முட்டவில்லை. நாய் தலையைத் திருப்பி, அவள் என்ன தேடுகிறாள் என்று தெரிந்ததுபோல், பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நுரையை அலசும்போது மோதிரம் விரலை விட்டுக் கழன்று தொட்டியில் விழுந்தது. சோப்பு வழுக்கல் என்று எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவை விழுந்தபோது கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

துடைத்து, சூடில்லாத காற்றில் உலர்த்தி, முடியின் நுனியிலிருந்து வேருக்குச் சீப்பைக் கொண்டுபோகும்போதுதான் அந்த வாசம் வந்தது. குளித்த நாய்க்கு ஷாம்பு வாசமும் அதற்கு அடியில் நாயின் வாசமும் இருக்கும். இதற்கு அடியில் வேறொன்று இருந்தது. தெரிந்த வாசம். எங்கே, எங்கே என்று நாக்கு நுனியில் நின்றது. படுக்கையை உதறப் போனபோது பிடிபட்டது. அவளுடைய தலையணையின் வாசம்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தாள். மீன் திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் வயிற்றில் கை வைத்துப் படுத்திருந்தாள். கடைசியில் எங்கோ தூரத்தில் ஒரு தடவை, கதவுக்கு வெளியே நின்று தட்டுவதுபோல், மெல்லமாக.

ஒன்பதாம் நாள் மார்ப்பட்டை போட முடியவில்லை. சின்ன நாய்களுக்குக் கழுத்தில் பட்டை போட்டால் மூச்சுக்குழல் நசுங்கும். மார்பைச் சுற்றிக் கட்டுவதுதான். முதல் ஓட்டையில் மாட்டியது இப்போது கடைசி ஓட்டைக்கும் எட்டாமல் அக்குளில் சிவந்த தடம் போட்டிருந்தது. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனாள். நாலு தெரு தூரம். வழியில் மூன்று இடத்தில் கூடையை இறக்கி வைக்கவேண்டியிருந்தது.

மருத்துவர் வயதானவர், எதையும் கிண்டலாகவே பேசுகிறவர். அவருடைய எஃகு மேஜைக்குள்ளேயே தராசு உண்டு.

"அஞ்சு தொள்ளாயிரம்."

"இல்ல டாக்டர். இன்னிக்குக் காலையில மூணு இருநூறு."

"அப்ப நடுவுல ஒரு நாயை முழுங்கியிருக்கு." காதுக்குழலை மாட்டிக்கொண்டு கேட்டார். "இதயம் நல்லாத்தான் அடிக்குது. வீட்ல எப்படி நிறுத்தே?"

சொன்னாள்.

"உன் எடை எப்ப பார்த்தது?"

"மூணு வாரம் முன்னாடி. ஆஸ்பத்திரில. அம்பத்தெட்டு."

"அடி போடி. மாசமா இருக்கறவ மூணு வாரத்துல ஒண்ணரை கிலோ ஏறியிருப்பே. பழைய எடையைக் கழிச்சா நாயோட எடை கூடத்தான் காட்டும். குறைச்சுக் காட்டணும்னா நீ..." அவர் நிறுத்திக்கொண்டார். கிண்டல் முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்து, பிறகு போய்விட்டது. மூலையில் பெரிய நாய்களை நிறுக்கிற மேடை ஒன்று தரையோடு இருந்தது. அதைக் காட்டினார். "சும்மா ஒரு தடவை ஏறு தங்கச்சி."

ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் தனியாக ஏறாத கால், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியது.

ஐம்பத்தைந்து புள்ளி மூன்று.

அவள் மனக்கணக்கில் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் கூட்டுவதற்கு நேரம் பிடிக்கவில்லை. ஒன்பது நாளாக ஒரு கிராம் மாறாமல் நின்ற அறுபத்தொன்று புள்ளி இரண்டுதான் வந்தது. தராசு கெட்டிருக்கவில்லை. மொத்தத்தில் எதுவும் குறையவில்லை. இடம்தான் மாறியிருந்தது.

நாயை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸம்மா நாடாவால் வயிற்றை அளந்தாள். போன தடவை எழுதியதைப் பார்த்தாள், மறுபடி அளந்தாள்.

"போன தடவை இருபத்திரண்டு. இப்ப இருபதுதான் வருது. யாரோ தப்பா அளந்திருக்காங்க." துடிப்புக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். நெடுநேரம் கரகரப்பு மட்டும். பிறகு அது வந்தது, குதிரை ஓடுகிற வேகத்தில், ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவைப்போல் சுவருக்கு அந்தப்புறமிருந்து. "இருக்கும்மா. கொஞ்சம் தூரமா இருக்கு. ஒழுங்காச் சாப்பிடறியா இல்லியா?"

"சாப்பிடறேன்."

"நாய்ங்களுக்குப் போடறதுல பாதியாவது நீ தின்னா சரி."

திரும்புகிற வழியில் மருந்துக்கடைக்குப் போனாள். கதவு இறங்கியிருந்தது. பக்கத்துத் தையல்காரர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அவரைத் தேடியா வந்தீங்க? அந்தம்மா தவறி ஒரு வாரமாச்சு. அதுக்கு மறுநாளே கடையைச் சாத்திட்டுக் கிளம்பிட்டாரு. எங்கேன்னு யார்கிட்டயும் சொல்லலை."

"நாயை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காரு."

ஊசி நின்றது. "அந்த வெள்ளை நாயா? அந்தம்மா மடியை விட்டு எறங்காதே அது." நூலைப் பல்லால் கடித்தார். "தூக்கறதுக்குன்னு நாலு பேர் போனோங்க. நல்லா வாட்டசாட்டமா இருந்த பொம்பளை. கடைசியில அவரே தனியாத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. துணி மூட்டை மாதிரி. நாங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னோம்."

மருத்துவரிடம் போன் போட்டு நாயை அங்கேயே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ரப்பர் விரிப்பைத் தேய்த்துக் கழுவினாள். சீப்பிலிருந்த வெள்ளை முடியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். தலையணை உறையை வெந்நீரில் ஊறப் போட்டாள். கணவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எதிரே உட்கார்ந்து, முழுவதையும் கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாய் நம்ம வீட்ல இல்ல. அவ்வளவுதானே? இனிமே நீ சாப்பிடு. நான் லீவு போடறேன்."

அவன் லீவு போட்டான். முட்டை அவித்தான், பால் காய்ச்சினான், எதிரே உட்கார்ந்து தட்டுக் காலியாகும்வரை பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பசித்தது. எவ்வளவு தின்றாலும் அரை மணியில் மறுபடி பசித்தது. இப்போது காலையில் தனியாகத் தராசில் ஏறினாள். பின்னால் அவன் நின்று எண்ணைப் பார்த்தான்.

ஐம்பத்து நான்கு புள்ளி ஒன்பது.

நாலு தெரு தள்ளி இருந்தது நாய்.

"தராசு கோளாறு," என்றான் அவன். குரலில் வலு இல்லை.

மறுநாள் ஐம்பத்து நான்கு புள்ளி நான்கு. வயிறு இறங்கியிருந்தது. வலி இல்லை. இரத்தம் இல்லை. முந்தைய இரண்டு தடவையும் இரண்டும் இருந்தன. அவளுக்கு அவை எப்படி வரும் என்று தெரியும், எந்தத் துணியை எடுத்து வைக்கவேண்டும் என்றுகூடத் தெரியும். இது அப்படி இல்லை. யாரோ அவள் தூங்கும்போது அறையில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், மரியாதையோடு எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. மத்தியானம் படுத்தாள். கை வைத்தாள். தட்டல் இல்லை. கதவே இல்லை.

கணவன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. கால்நடை மருத்துவர்.

"தங்கச்சி, அது எதையும் தொடலை. தண்ணிகூட. ஆறு எண்ணூறு இருக்கு. வயித்துல கட்டின்னு நினைக்கறேன், பெருசா கைக்குத் தட்டுப்படுது. நாளைக்குக் காலையில அறுத்துப் பார்த்துடலாம். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்..."

கணவன் கூப்பிடுவது காதில் விழுந்தது. அவள் செருப்புப் போடாமல் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். கால் தரையில் பட்டும் படாமலும் போனது. எதிர்க்காற்றுக்கு ஒரு தடவை தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எஃகு மேஜையில் கடுகு பக்கவாட்டில் படுத்திருந்தது. வயிற்று முடியை மழித்திருந்தார்கள். இளஞ்சிவப்புத் தோல் பளபளவென்று நீண்டு இழுபட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அளந்து ஒரு தடவை வாலை ஆட்டியது.

"இந்த இடம்," என்றார் மருத்துவர். அவளுடைய கையைப் பிடித்து வைத்தார்.

சூடு. இறுக்கம். நாயின் மூச்சு ஏறி இறங்கியது. அதன் கீழே நாயின் இதயம். அதற்கும் கீழே இன்னொன்று, அதைவிட வேகமாக, குதிரை ஓடுகிற வேகத்தில். அவள் கையை எடுக்க நினைத்தாள்.

உள்ளே மீன் திரும்பியது.

மத்தியானம் மூன்று மணி. எப்போதும் திரும்புகிற நேரம். எப்போதும் திரும்புகிறதுபோலவே, முதலில் ஒரு புரளல், கொஞ்சம் நிறுத்தி, பிறகு குதிகாலால் ஓர் உந்தல். உள்ளங்கையின் நடுவில்.

"அறுக்க வேண்டாம் டாக்டர்."

"என்னம்மா சொல்றே? விட்டா..."

"அறுக்க வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார். அங்கே தளர்ந்து தொங்குகிற துணியைப் பார்த்தார். மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

கணவன் வழியிலேயே எதிரே வந்தான். அவள் கையில் நாயைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "அதை ஏன் எடுத்துக்கிட்டு வர்றே? ஏய். கீழ விடு அதை. கீழ விடுன்னு சொல்றேன்ல." பிடுங்க வந்த கையை அவள் பிடித்து, நாயின் வயிற்றில் வைத்தாள். நடுத்தெருவில் இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு சைக்கிள் மணி அடித்து விலகிப் போனது. அவன் முகம் மெல்ல மெல்ல மாறுவதை அவள் பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவனுடைய விரல்கள் விரிந்தன, மூன்று வாரமாக ஒவ்வொரு ராத்திரியும் அவள் வயிற்றில் விரிந்ததுபோல. பிறகு அந்தக் கை தானாக இறங்கியது. அவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அவள் காத்திருக்கவில்லை. மழை வரும்போல் இருந்தது. நனையக்கூடாது.

வீட்டுக்கு வந்து கோழியை அவித்தாள். சோறு குழைத்தாள். பூசணியை மசித்தாள். உப்பில்லாமல். ஆறவைத்து, புறங்கையில் தொட்டுச் சூடு பார்த்தாள். முன்னறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாய் தானாக வந்து மடியில் ஏறிக்கொண்டது. கனம் தொடையை அழுத்தியது. இடுப்பு நாடா நழுவிக் கிடந்தது. அதை இறுக்கிக் கட்ட அவளுக்குத் தோன்றவில்லை. நாயின் முதுகு அவளுடைய தட்டையான வயிற்றில் சாய்ந்தது.

சின்னதாக ஒரு உருண்டை உருட்டி நீட்டினாள்.

நாய் வாயைத் திறந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. மென்றது. விழுங்கியது. அவளை ஏறிட்டுப் பார்த்தது.

முன்கதவு திறக்கிற சத்தம். கணவன் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நீட்டிய விரல்களின் வழியே தட்டின் விளிம்பு மங்கலாகத் தெரிவதுபோல் அவளுக்குத் தோன்றியது. மழித்த தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு எழுந்தது. முழங்காலோ, முழங்கையோ. மெதுவாக ஊர்ந்து, அவளுடைய உள்ளங்கை இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நின்றது.

அவள் அடுத்த உருண்டையை உருட்டினாள்.